வாயை மூடச் சொல்லியும் பாருங்கள்

பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். நான் பல் மருத்துவர். பள்ளியில் நீங்கள் பரிசோதித்த பிள்ளைகளில் சிலர் சில ஆண்டுகள் கழித்து என்னிடம் வருகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பல் நோய்களும் உண்டு. ஆனால் முகாம்களில் நான் கண்டவரை, வாயைத் திறக்கச் சொல்வார்கள், டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், சொத்தை இருந்தால் குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். திறந்த வாயில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்காகவே தெரியலாம். அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது வாயை மூடினால்தான் தெரியும்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்தார். "ஒரு வாய்ச் சோற்றை அரைமணி நேரம் வைத்துக்கொண்டிருக்கிறாள், அடிக்காத நாளில்லை" என்றார். சொத்தை ஒன்றுகூட இல்லை. கடலைமிட்டாய்த் துண்டொன்றைக் கொடுத்து மெல்லச் சொன்னேன். பற்கள் தொட்டதும் கீழ்த்தாடை இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. மேல்தாடை குறுகியிருந்ததால் இடப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே போய் நின்றன. அரைக்கும் பரப்புகள் சந்திக்கவே இல்லை. அப்படியிருக்க, பிள்ளை எதை வைத்து அரைப்பாள்? இரட்டிப்பு நேரம் மெல்வாள், அரைகுறையாக விழுங்குவாள், அல்லது சுண்டலையும் கொய்யாவையும் தட்டிலேயே ஒதுக்கிவிடுவாள். அதற்குத்தான் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். தாடை வளரும் வயதில் அண்ணத்தை விரிக்கும் கருவியைச் சில மாதங்கள் பொருத்தினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். வளர்ச்சி நின்றபின் வந்தால் அறுவை சிகிச்சை வரை போக நேரலாம்.

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல்லையும் கவனியுங்கள். பால்பல் எதுவும் விழாமல் வருவதால், அதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். சொத்தையானால் பிடுங்கிவிட்டால் போதும் என்கிறார்கள். பிடுங்கிய இடத்தில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கிவரும், அந்தப் பக்கம் மெல்வதே குறைந்துபோகும்.

என்னை அதிகம் வருத்துவது தாடை மூட்டுதான். குழந்தை மோவாய் அடிபட விழுகிறது. தோலில் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடியின் வேகம் காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் இறங்கி அங்கே எலும்பு முறிந்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு மூட்டு மெல்ல இறுகி, எலும்போடு எலும்பு ஒட்டிவிடுகிறது. வாய் திறக்காது. கஞ்சியும் பாலும்தான் உணவு. கீழ்த்தாடையும் வளராமல் முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மாதக்கணக்கில், வலியோடு, வாயைத் திறந்து திறந்து பயிற்சி செய்தாக வேண்டும். விழுந்த சில நாட்களிலேயே காட்டியிருந்தால் இதைப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாடையில் 'டிக்' என்று சத்தம் கேட்பதெல்லாம் நோயல்ல. வலியில்லாமல் வாய் நன்றாகத் திறந்தால் பயப்பட வேண்டாம். மூட்டு வலி வராமல் இருக்கக் கிளிப் போட வேண்டும் என்று பெற்றோரைச் செலவுக்குள் தள்ளவும் வேண்டாம். அதற்குப் போதிய ஆதாரம் கிடையாது.

உங்களில் பலர் பல் மருத்துவர்கள் அல்லர் என்பதும், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பதற்கு அரை நிமிடம் போதும். கடைவாய்ப்பற்களை அழுத்திக் கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கி இருபக்கமும் பாருங்கள். முன்பற்கள் சேராமல் இடைவெளி நிற்கிறதா, தாடை ஒரு பக்கம் நழுவுகிறதா என்று கவனியுங்கள். பிறகு, பிள்ளையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன் வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் கீழே விழுந்ததுண்டா என்று கேளுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவனானால் பாக்கு போடும் பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறக்காமல் போவது பதின்வயதிலேயே தொடங்கலாம், அது புற்றுநோயாக மாறவும் கூடும்.

சந்தேகம் வந்த பிள்ளையை, குழந்தைகளின் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ அரசு பல் மருத்துவமனைக்கோ எழுதி அனுப்புங்கள். படிவத்தில் இதற்கென்று இடம் இல்லையென்றால் குறிப்பாகவாவது எழுதுங்கள், அடுத்த முறை அந்தப் பள்ளிக்குப் போகும்போது அந்தப் பிள்ளை போனதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்