போனஸோடு கோவா கிளம்பும் தம்பிகளுக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கத்திலிருந்து தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் கோவாவுக்கு வண்டி ஏறும் தம்பிகளே,

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தோடு, கைப்பேசியில் காசு வைத்து ஆடும் போக்கர் செயலிகள் கடையைக் கட்டின. செயலியில் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நாலைந்து பேராகச் சேர்ந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் ரயில் பிடித்து, பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பலுக்குப் போகிறீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. 21 வயது நிரம்பியவர்கள் அங்கே சட்டப்படி ஆடலாம். ஆனால் சத்தமும் சரக்குமாக இருக்கிற மலிவு மேசையில் கைப்பேசி ஆட்டத்தை ஆடி, ஒரு வருட உழைப்பின் போனஸை ஒரே ராத்திரியில் விட்டுவிட்டு வருகிறீர்களே, அதுதான் மனசுக்குத் தாங்கவில்லை. அந்த மேசைக்கென்று ஓர் ஆட்டம் இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் காட்டாத, பொறுமையான ஆட்டம்.

முதலில் மேசையைச் சரியாகப் பிடியுங்கள். உள்ளே ‘போக்கர்’ என்று எழுதிய பலகைகள் பல இருக்கும். டீலரை எதிர்த்து ஆடும் மூணு சீட்டு வகை, ‘காசினோ ஹோல்டம்’ இரண்டும் நீங்கள் தேடிப்போன ஆட்டம் இல்லை. அவற்றில் காசினோவுக்குச் சாதகம் விதியிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ரூலெட்டும், நாம் உள்ளே வெளியே என்று ஆடுகிற அந்தர் பாஹரும் அப்படித்தான். ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவர்களுக்குப் போகிறது. நீங்கள் தேடுவது ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் டெக்ஸாஸ் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்) விரிப்பார்கள். அது பெரும்பாலும் தனி அறையில் நடக்கும். அங்கே பெயர் எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் பலர் ரூலெட் பக்கம் போய்ப் பாதிப் பணத்தை விடுகிறார்கள். மேல்தளத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள், சாப்பிடுங்கள், அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

உட்காரும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சின்ன, பெரிய பந்தயம், எவ்வளவு? ரேக், அதாவது சேரும் பந்தயப் பணத்தில் காசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு, எத்தனை சதவீதம், உச்சவரம்பு எவ்வளவு? 1,000 ரூபாய் கொடுத்தால் கைக்கு எத்தனை ரூபாய் சிப் (பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லை) வரும்? காசினோவுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதை உங்கள் தலையில் எப்படி ஏற்றுகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். நுழைவுச்சீட்டோடு இலவசமாக வரும் கூப்பன் சிப்பைப் பணமாக மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரேக்கைச் சில்லறை என்று நினைக்காதீர்கள். சின்ன பிளைண்ட் 50, பெரியது (பிக் பிளைண்ட்) 100 ரூபாய் என்ற 50-100 மேசை, ஒன்பது பேர், மணிக்கு 25 கை. ஒரு கைக்குச் சராசரியாக 1,500 ரூபாய் பாட் (நடுவில் குவியும் பந்தயப் பணம்) சேர்ந்து, 5 சதவீதம் எடுத்தால் கைக்கு 75. மணிக்கு 1,875 ரூபாய் மேசையை விட்டே போய்விடுகிறது. தலைக்கு 200 ரூபாய்க்கு மேல், அதாவது இரண்டு பிக் பிளைண்ட். சுமாராக ஆடுகிறவர் கூட அங்கே நஷ்டப்படுவது இதனால்தான். நாலு கை சும்மா பார்ப்போமே என்று உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் இந்தச் செலவில் உங்கள் பங்கு கூடுகிறது.

ரம்மியில் கை வரவில்லை என்றால் 20 பாயின்ட்டோடு ஸ்கூட் விட்டுவிடுகிறோம், 80 வாங்கும்வரை உட்காருவதில்லை. போக்கரில் முதல் இரண்டு சீட்டு சரியில்லை என்றால் பெரும்பாலும் ஒரு பாயின்ட் செலவுகூட இல்லாமல் ஸ்கூட் விடலாம். பத்துக் கையில் எட்டை மடியுங்கள். ஜோடிகள், ஏஸோடு ராஜா, ராணி, ஜாக்கி, பிறகு ராஜா-ராணி, முறை கடைசியில் வரும் இடங்களில் உட்கார்ந்திருந்தால் ஏஸோடு அதே பூவில் (ஹார்ட்டின், ஸ்பேடு போல ஒரே சின்னத்தில்) இன்னொரு சீட்டு. இவ்வளவு போதும்.

அடுத்தது, பொய்யாட்டம்: கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாகப் பந்தயம் வைத்து மற்றவர்களை மடிய வைப்பது. மலிவு மேசையில் அது செல்லாது. எதிரே இருப்பவர் உல்லாசமாக இருக்க வந்தவர், மூன்றாவது கிளாஸில் இருக்கிறார், எந்தச் சீட்டையும் மடிக்க அவருக்கு மனசு வராது. கணக்கையே பாருங்கள். உங்களிடம் ஒன்றுமில்லை, பாட் அளவுக்குப் பந்தயம் வைக்கிறீர்கள். கைக்குக் கடிக்காமல் இருக்க 100க்கு 50 தடவையாவது எல்லோரும் மடிய வேண்டும். எதிரே மூன்று பேர். ஒவ்வொருவரும் பத்துக்கு ஆறு தடவை மடிவார் என்று தாராளமாக வைத்தாலும், மூவரும் சேர்ந்து மடிவது 100க்கு 21, 22 தடவைதான். செயலியில் ஒற்றை ஆளை விரட்டிய பழக்கம் இங்கே உங்களைக் காலி செய்யும்.

எனவே நல்ல கை வந்தால் நிறைய வையுங்கள். ஏஸ் ஜோடி ஒருவரை எதிர்த்தால் 100க்கு 85 தடவை ஜெயிக்கும். எதிரே ஐந்து பேர் ரிவர்வரை வந்தால் 49தான். கூட்டத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.

ஒரு கையை விரித்துப் பார்ப்போம். 50-100 மேசை, உங்களிடம் 10,000 ரூபாய். நாலு பேர் ஆளுக்கு 100 போட்டு உள்ளே வந்துவிட்டார்கள். நீங்கள் கடைசியாக முறை வரும் பட்டன் இடத்தில், கையில் ராணி ஜோடி. 300 என்று ஏற்றினால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். பிளைண்டைப் போல் ஐந்து மடங்கு, அதன்மேல் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிளைண்ட் சேர்த்து, 900 என்று வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். பிளைண்டுகள் இரண்டும் மடிந்து, நால்வரில் இருவர் மட்டும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் 3,050. ஃப்ளாப் ஜாக்கி, 8, 3, மூன்றும் வேறு வேறு பூ. 2,000 வையுங்கள். ஜாக்கி வைத்திருப்பவர் விலை கேட்காமல் வருவார். ஒருவர் வந்தால் பாட் 7,050, உங்களிடம் மீதி 7,100. டர்னில் ஏஸோ ராஜாவோ விழாவிட்டால் மொத்தத்தையும் உள்ளே தள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ராத்திரி முழுக்க ‘கால்’ (மற்றவர் வைத்த அளவையே வைப்பது) மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த ஆள் டர்னிலோ ரிவரிலோ திடீரென்று ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை ஏற்றினால்) ஒற்றை ஜோடியை மடித்துவிடுங்கள். அப்படிப்பட்டவர் பொய் சொல்வது மிக அபூர்வம்.

சின்ன ஜோடிக்கு ஃப்ளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழுவது எட்டரைக்கு ஒரு தடவை. போடும் காசைப் போல் பதினைந்து இருபது மடங்கு எதிராளியிடம் இருந்தால்தான் அதற்கு வர வேண்டும். ஃப்ளஷுக்கு (ஒரே பூவில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைகிறது, ரிவர் மட்டும் பாக்கி என்றால் வாய்ப்பு 46இல் 9, ஐந்தில் ஒன்று கூட இல்லை. 2,000 பாட்டில் எதிராளி 1,000 வைத்தால் உங்களுக்கு நாலில் ஒன்று தேவை. ஜெயித்தபின் அவர் இன்னும் கொடுப்பார் என்ற நிச்சயம் இருந்தால் மட்டும் வாருங்கள், அதுவும் கையில் அந்தப் பூவின் ஏஸ் உள்ள ஃப்ளஷ் என்றால். கூட்டம் நிற்கிற மேசையில் 7, 8 மாதிரி சின்னச் சீட்டை வைத்து அடிக்கும் ஃப்ளஷ் தோற்கிற கை.

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே இருக்கிற சத்தக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கு இடப்பக்க நாற்காலி காலியானால் கேட்டு மாறிக்கொள்ளுங்கள். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம்.

தகராறு வருவது பெரும்பாலும் கைப்பழக்கத்தால். ‘ரெய்ஸ்’ என்று சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது ‘கால்’தான். சிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தடவை தள்ளினால் முதல் தடவை தள்ளியது மட்டுமே கணக்கு. உங்கள் முறை வராமல் மடிக்காதீர்கள். சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்திருங்கள், இல்லையென்றால் டீலர் மடித்த சீட்டுகளோடு சேர்த்து வாரிவிடுவார். பாட் உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை ஜெயித்த சீட்டைக் கையை விட்டு விடாதீர்கள். கை ஓடும்போது தமிழில் பேசிக்கொள்ளாதீர்கள், கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று எழுப்பிவிடுவார்கள். நண்பர்கள் வேறு வேறு மேசையில் உட்காருவதே நல்லது.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பணத்தைப் பிரித்துவிடுங்கள். ஏலச்சீட்டுத் தவணை, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம், கடன், எல்லாம் வீட்டில். ஒரு ராத்திரிக்கு 100 பிக் பிளைண்ட் ஒரு தடவை, அது போனால் இன்னொரு தடவை, அதோடு எழுந்துவிடுங்கள். ஏடிஎம் அட்டை அறையில் இருக்கட்டும். இலவசச் சரக்கை ஆட்டம் முடிந்தபின் குடியுங்கள். ஜெயித்தால் சிப்பை அன்றைக்கே மாற்றி ரசீது வாங்குங்கள். சீட்டாட்ட வெற்றிக்கு வருமான வரி 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. தோற்றதை அதில் கழிக்க முடியாது.

திரும்பி வந்து ஊட்டியில் காட்டேஜ் எடுத்து, ஆளுக்கு இவ்வளவு கமிஷன் என்று மேசை போடும் யோசனையை விட்டுவிடுங்கள். கோவாவில் செல்லுவது இங்கே செல்லாது. 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தில் இடம் கொடுத்தவர், ஆடியவர் இருவரும் மாட்டுவார்கள்.

இப்படிக்கு,
குன்னூர், கோத்தகிரிச் சீட்டுக்கார அண்ணன்கள்