ஏன் டிரிப் போடவில்லை என்று கேட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் ஆத்தா என்றும் நான் ஆச்சி என்றும் கூப்பிடும் உங்கள் அம்மாவைப் பார்க்க வரும் நர்ஸ் நான். நேற்று ராத்திரி வீடியோ காலில் நீங்கள் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. இங்கே வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், உங்கள் பங்காளி வீட்டார் நாலைந்து பேர் நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு தாய் தகப்பனுக்காக இதே கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் எனக்குத் தெரிந்து நிறைய உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றுதான், உங்கள் சம்மதத்தோடு, ஊர் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் விட்டுவிட்டுப் பொதுவில் போடுகிறேன்.

"ஆத்தா ஒண்ணுமே சாப்பிடலங்கிறீங்க. அப்புறம் ஏன் டிரிப் போடல? பட்டினி போடுறதுக்கா உங்களை வச்சிருக்கோம்?" என்றீர்கள். கோபத்தில் வந்த வார்த்தை, நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டார்கள். அப்படி ஊருக்கே பந்தி வைத்த ஆச்சி, ஒரு வாய்க் கஞ்சிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் பெற்ற பிள்ளைக்குப் பொறுக்குமா?

ஆச்சிக்கு வயிற்றில் ஆரம்பித்த கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது. இனி வைத்தியத்தில் குறையப்போவது எதுவும் இல்லை என்று டாக்டர் உங்களிடமே சொல்லிவிட்டார். உடம்பு ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டு வரும்போது முதலில் நிற்பது பசி. சாப்பிடாததால் சாவு வரவில்லை, அண்ணே. சாவு வருவதால்தான் சாப்பாடு நின்றிருக்கிறது. நமக்கு வயிற்றைக் கிள்ளுகிற பசி இப்போது ஆச்சிக்கு இல்லை. கேட்டுப் பார்த்தேன், "வேணாந் தாயி, நெஞ்சு வரைக்கும் நெறஞ்சு கெடக்கு" என்றார்கள்.

டிரிப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ரெண்டு இட்லியில் இருக்கிற தெம்புதான். மீதி முழுக்கத் தண்ணீர். சிறுநீரகம் ஓய்ந்து வரும் உடம்பு அந்தத் தண்ணீரை வெளியே தள்ளாது. அது காலில் இறங்கி வீங்கும், வயிற்றில் சேரும், நெஞ்சில் கோத்துக்கொண்டு மூச்சு கறகறக்கும். நரம்பு கிடைக்காமல் கையில் நாலு இடத்தில் குத்த வேண்டிவரும். ஆச்சி ஊசியைப் பிடுங்கினால் கையைக் கட்டிப் போடச் சொல்வார்கள். வாந்தி பேதியில் வறண்டு போனவர்களுக்கு டிரிப் உயிர் காக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆச்சியின் நிலைமை அது இல்லை.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: வாய் காய்கிறது. அது ஆச்சிக்கு உண்மையான தொந்தரவு. அதற்கு மருந்து பாட்டிலில் இல்லை, பஞ்சில் இருக்கிறது. ரெண்டு மணிக்கு ஒரு தரம் சுத்தமான துணியை நனைத்து ஈறு, நாக்கு, கன்னத்து உட்பக்கம் எல்லாம் துடைத்து, உதட்டில் லேசாக வாசலின் தடவ வேண்டும். நினைவோடு இருக்கும் நேரத்தில், தலையை உயர்த்தி வைத்து, கேட்டால் ஒரு சொட்டு இளநீர், ஒரு சின்ன ஐஸ் துண்டு. கேட்காவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இங்கேதான் ஒரு சண்டை நடந்தது. உங்கள் பெரியம்மா வீட்டுப் பெட்டகத்திலிருந்து வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தார்கள். உங்களுக்கெல்லாம் மருந்தும் பாலும் புகட்டிய பாலாடையாம். அதிலே பால் ஊற்றப் போனார்கள், நான் கையைப் பிடித்துவிட்டேன். கடைசிப் பால் கொடுக்காமல் தடுத்த பாவி என்று இன்றைக்கும் முறைக்கிறார்கள். விழுங்கும் சக்தி குறைந்துவரும் தொண்டையில் ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் மூச்சு அடைத்து, கண் பிதுங்கி, பார்க்கிறவர்கள் ஆயுசுக்கும் மறக்க முடியாத சாவாகிவிடும். இந்தப் பக்கத்தில் "பால் ஊத்தினதும் உசிரு போயிருச்சு" என்று நிம்மதியாகச் சொல்லும் கதைகளில் சிலவற்றை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். சடங்கை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றுங்கள் என்றேன். பேரன் பேத்தி வரிசையாக வந்து ஒற்றலாம், யாருக்கும் மனக்குறை இருக்காது. நீங்கள் போனில் உங்கள் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பெரிய உதவி.

அடுத்தது மார்ஃபின், ஆச்சிக்கு வலிக்காகக் கொடுக்கும் மாத்திரை. "அதை ஆரம்பிச்சா முடிஞ்ச மாதிரிதான்" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் அந்த மாத்திரை நோயாளி கைக்கு வருவதே கடைசி வாரத்தில்தான் என்பதால் அப்படி ஒரு பேர் வந்துவிட்டது. லண்டனில் 1967இல், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி வந்து கத்திய பிறகு கொடுக்காதே, வருவதற்கு முன்னால் நேரம் பார்த்துக் கொடு என்பதுதான் அவர் வழி. உலக சுகாதார நிறுவனமும் 1986இல் அதையே சொன்னது. ஆச்சிக்கு நாலு மணிக்கு ஒரு தரம், ராத்திரி படுக்கும்போது மட்டும் இரட்டிப்பு, நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியதில்லை. வலிக்குத் தக்க அளவாகக் கூட்டிக்கொண்டு போனால் அது உயிரை எடுப்பதில்லை, அடிமையாக்குவதும் இல்லை. மூச்சுத் திணறலையும் தணிக்கும். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்குத் தனியாக மாத்திரை போகிறது. விழுங்க முடியாத நாள் வந்தால் தோலுக்கடியில் சின்ன ஊசி ஒன்றைப் பொருத்தி அதன் வழியாகக் கொடுப்போம்.

இந்த மருந்துக்கான அபின் நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும், அரசு உரிமம் கொடுத்து விளைகிறது. ஆனாலும் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்காமல் இருந்த காலம் நீண்டது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வழி கொஞ்சம் லேசாகியிருக்கிறது, பயம் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆகவே வந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். போன வாரம் நீங்கள் சொன்னீர்கள் என்று ஒரு வேளை நிறுத்தினார்கள். அன்றைக்கு ராத்திரி ஆச்சி முனகியது தெருவுக்கே கேட்டதாம்.

யார் சொன்னது என்றால், ஆச்சியைப் பார்த்துக்கொள்ள நீங்கள் சம்பளத்துக்கு வைத்திருக்கும், ராப்பகலாகக் கூட இருக்கும் அக்கா. இந்தக் கடிதமே முக்கால்வாசி அவரைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். நான் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறவள். டாக்டர் போனில் இருக்கிறார். நீங்கள் கடல் தாண்டி இருக்கிறீர்கள். ராத்திரி பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் ஆச்சியைப் புரட்டிப் படுக்க வைப்பது அந்த அக்கா. முதுகுத்தண்டின் அடியிலும், இடுப்பு எலும்பிலும், குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவர்தான். இவ்வளவு நாள் படுக்கையில் இருந்தும் ஆச்சிக்குப் படுக்கைப் புண் இல்லை. வாங்கிப் போட்ட காற்று மெத்தை கொஞ்சம் உதவியது. மீதியெல்லாம் அந்தக் கை.

அந்த அக்காவின் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்று சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஆச்சி துணியைப் பிய்த்துக்கொண்டு, எழுந்து ஓடப் பார்த்து, ஒரே அலம்பல். "பேய் பிடிச்சிருக்கு, வேப்பிலை அடிக்கணும்" என்று ஒருவர், "தூக்க ஊசி போடுங்க" என்று இன்னொருவர். அக்கா மட்டும் என்னைக் கூப்பிட்டு, "ஆச்சி காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போகலம்மா, அடிவயிறு கல்லாட்டம் இருக்கு, தொட்டாக் கத்துறாக" என்றார். டியூப் வைத்தேன். நிரம்பி நின்ற சிறுநீர் இறங்கியதும் ஆச்சி தூங்கிவிட்டார்கள். தன் வேதனையைச் சொல்லத் தெரியாத நிலையில் இருப்பவர் அமைதியில்லாமல் தவித்தால், முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர், மலம், நனைந்த துணி, வலி. அதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருப்பவருக்கு நீங்கள் கொடுக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை, நேரில் சொல்கிறேன். ராத்திரிக்கு இன்னொரு ஆளை மட்டும் உடனே போடுங்கள். அவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கோபம் வரலாம். ஆச்சியை உங்கள் புள்ளிக்கான, அதாவது உங்கள் குடும்பத்துக்கென்று உள்ள, அறையிலிருந்து வெளியே எடுத்து, வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்தியில் கட்டில் போட்டது நான்தான். அந்த அறைகள் சீர் சாமான் வைக்கவும் சாமி கும்பிடவும் கட்டியவை. சன்னல் பெயருக்குத்தான். மூச்சு வாங்குகிறவருக்கு முகத்தில் காற்று பட்டாலே திணறல் கொஞ்சம் குறையும். வானம் திறந்த வளவில் காற்றுக்குப் பஞ்சமில்லை. வாசற்படிகளின் உயரத்தில் சக்கர நாற்காலி ஏறாது, கழிப்பறையோ வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டையும் தாண்டித் தோட்டத்தில் இருக்கிறது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி வைத்தோம், இப்போது அதுவும் இல்லை, டயப்பர்தான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும் என்று கோணியைப் போட்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், இத்தனை பெரிய வீட்டில் கோணியா என்கிறார்கள். அக்கா வழுக்கி விழுந்தால் ஆச்சியைத் தூக்க வேறு ஆள் இல்லை.

மதுரைக்குக் கொண்டுபோய் ஐசியுவில் வைக்கலாம் என்ற பேச்சு ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வருகிறது. பெரும்பாலும் அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்து பார்ப்பவர் வாயிலிருந்து. கொண்டுபோனால் தொண்டையில் குழாய் இறங்கும், கதவுக்கு வெளியே நீங்கள் எல்லாரும் நிற்பீர்கள், கட்டி அப்படியேதான் இருக்கும். ஆச்சியிடம் யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். "எங்க மாமியா செத்தது இந்தப் பத்தியிலதான். என்னையும் இங்கயே விட்டுருங்க" என்றார்கள். ஆச்சிக்கு என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருந்தீர்கள். நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அழுவீர்கள் என்று உங்களிடம் மறைக்கிறார்கள், நீங்கள் அவர்களிடம் மறைக்கிறீர்கள். கையைப் பிடித்து அழ வேண்டியவர்கள் ரெண்டு பேரும் வீடியோவில் சாப்பாட்டைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்.

வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா என்று உங்கள் மச்சான் கேட்டார். வராது. நோயில் வரும் இயற்கையான சாவு அது. பார்த்துவந்த டாக்டர் சான்று கொடுப்பார், 21 நாளைக்குள் பதிவு செய்துவிட்டால் போதும்.

இனிமேல் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், போனில் கேட்டுப் பதறாதீர்கள். தூக்கம் கூடும். சிறுநீர் குறைந்து கருக்கும். கையும் காலும் சில்லிடும், முழங்காலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகப் போய், நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் சளி கறகறக்கும். கேட்கிற நமக்குத்தான் அது பெரிய துன்பம், நினைவு தப்பியவருக்கு அப்படித் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைப்போம், குழாய் விட்டு உறிஞ்ச மாட்டோம். கண் திறக்காத நிலையிலும் காது கேட்கும் என்றே வைத்துக்கொண்டு பேசுவோம். அதனால் சொத்துப் பேச்சு, பங்குப் பேச்சு எல்லாவற்றையும் வீட்டு வாசல் பக்கத்து முகப்புக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறார்களா என்றால், பாதி பேர் கேட்கிறார்கள்.

டிக்கெட் எப்போது போடலாம் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டீர்கள். கால் சில்லிட்ட பிறகு சொல்லுங்கள், கிளம்புகிறேன் என்று நினைக்காதீர்கள். அப்போது நீங்கள் வருவது சடங்குக்கு. இப்போது ஆச்சி காலையில் ஒரு மணி நேரம் தெளிவாக இருக்கிறார்கள், ஆளைத் தெரிகிறது, பெயர் சொல்கிறார்கள். திருச்சியில் இறங்கினால் அங்கிருந்து காரில் ரெண்டு மணி நேரம்தான். டயப்பர், காற்று மெத்தை, புரதப் பவுடர் என்று பெட்டி நிறையத் தூக்கி வர வேண்டாம், வேண்டியது காரைக்குடியிலேயே கிடைக்கிறது. புரதப் பவுடர் வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஆச்சியைப் பார்க்க வரும் நர்ஸ்