அவர் விசித்திர மனிதர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் துணுக்குப் பகுதியில் அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சனுக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். ‘நோயாளிகள் விழுங்கிய ஊசி, பொத்தான்களைச் சேர்த்து வைத்த விசித்திர மனிதர்’ என்று முடித்தும் விட்டீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்தச் சேகரிப்பில் 2,374 பொருள்கள் இருக்கின்றன. பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். எது யார் தொண்டையில், எந்தக் கோணத்தில் சிக்கியது, எப்படி வெளியே வந்தது என்று குறித்து வைத்து, அடுத்து வரும் டாக்டர்களுக்குப் பாடமாக்கினார். நுனியில் விளக்கு வைத்த குழாயை வாய்வழியே இறக்கி, நெஞ்சைக் கீறாமலே எடுத்த கை அது.

உங்களுக்குத் தெரியாததல்ல, அந்நாளில் அமெரிக்க வீடுகளில் அடைப்பெடுக்கவும் சோப்புக் காய்ச்சவும் காஸ்டிக் சோடா வைத்திருப்பார்கள். டப்பாவில் விஷம் என்று எச்சரிக்கை இருக்காது. சர்க்கரை என்று வாயில் போட்ட பிள்ளைகளுக்கு உணவுக்குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கி, தண்ணீர்கூட இறங்காது. எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று காசநோயால் அவதிப்பட்ட அந்த மனிதர் பல வருஷம் போராடினார். 1927இல் சட்டம் வந்தது. இதில் ஒரு வரிகூட உங்கள் துணுக்கில் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் இளைய மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வறுத்த கடலை மூச்சுக்குழாயில் போய்விட்டது. எங்கள் ஊர் மருத்துவமனையில் சளி என்று சொல்லி மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒரு பக்கம் மட்டும் விசில் மாதிரி மூச்சு இழுக்கும். கடைசியில் மதுரையில் குழாய் விட்டு எடுத்தார்கள். ஊறிப் பருத்த அரைக் கடலையைச் சின்ன பாட்டிலில் போட்டு டாக்டர் என் கையில் கொடுத்தார். கடைவாய்ப்பல் முளைக்காத குழந்தைக்குக் கடலை கூடாது என்று ஜாக்சன் அந்தக் காலத்திலேயே எச்சரித்திருக்கிறார்.

அப்புறம், உங்கள் வீட்டுக் குறிப்புகள் பகுதி. காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்கலாம் என்று போன வருஷம் போட்டீர்கள். கண்டித்து இரண்டு பக்கம் எழுதினேன். ‘இதழ் அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். தீபாவளி மலரில் மழலைகளுக்கென்று முழுக்கடலை உருண்டை செய்முறை வேறு. நெடுங்காலமாகச் சந்தா கட்டி வாங்கும் வீடு எங்களுடையது, ஐயா. சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்த இதழில் அந்தத் துணுக்கைத் திருத்திப் போடுங்கள். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் கட்டி, சின்னக் குழந்தைகளுக்கு முழுக்கடலை கொடுக்கக் கூடாது, ஆசிட்டைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றக் கூடாது என்று அச்சிடுங்கள். இந்தத் தடவை கடிதத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்