முடக்கிய வங்கிக் கணக்கைத் திறந்துவிடக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: ஆன்லைன் ஆர்டர் பணத் தகராறில் முடங்கிய என் சேமிப்புக் கணக்கு குறித்து.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் போனில் மனு எண் வந்தது, அப்புறம் ஒரு தகவலும் இல்லை. செட்டிநாட்டில் எங்கள் பள்ளத்தூர் பக்கம் எப்படி என்று அய்யாவுக்குத் தெரியும். வளவு வீடுகள் என்னும் பெரிய வீடுகளில் பாதி, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும்தான் திறக்கும், பலகாரம் அப்போதுதான் போகும். மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் வெளியூர் ஆர்டரை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

1. பெங்களூருக்காரர் ஒருவர் வளைகாப்புக்காக கை முறுக்கு, மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் கேட்டு 11,400 ரூபாய் ஜிபே செய்தார். கூரியரில் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. முறுக்கு நன்றாக இருக்கிறது, அதிரசம் உடைந்துவிட்டது என்று அவரே எழுதினார். அதிரசத்துக்கான 1,800 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்றேன். முழுப் பணமும் வேண்டுமென்றார், நான் சம்மதிக்கவில்லை.

2. குறை இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. அதை விட்டுவிட்டு அவர் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து என்னை மோசடிக்காரி என்று சொல்லிவிட்டார். வங்கி என் கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டது. அதில் 46,200 ரூபாய் இருக்கிறது.

3. அய்யா, என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள், சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. ஐந்து வாரமாக யாருக்கும் முழுசாகக் கொடுக்கவில்லை. முறுக்கு சுற்றும் அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல், மாவைத் திரித்துத் திரித்து கட்டைவிரல் நுனியில் தோல் தேய்ந்துபோயிருக்கும், அந்த விரலால்தான் ஏழு சுற்று முறுக்கு வருகிறது. போன சனிக்கிழமை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார், கூலி என்று வாய் திறந்து கேட்கவில்லை. என் தோட்டை அடகு வைத்து ஆளுக்கு ஆயிரம் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமைக்கு அடகு வைக்க எதுவும் இல்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அதே கணக்கில்தான் விழுகிறது, அதையும் எடுக்க முடியவில்லை. அரசாங்கம் எனக்குக் கொடுத்த பணத்தை எடுக்க நான் யாரிடம் போய் நிற்பது?

4. வங்கியில் கேட்டால் வெளிமாநிலக் காவல் நிலையத்தில் தடையில்லாச் சான்று வாங்கி வா என்கிறார்கள். அங்கே போன் செய்தால் அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. முறுக்கு விற்றவள் எத்தனை ஊருக்கு அலைவது?

5. தகராறு 11,400 ரூபாய்க்குத்தானே, அதை மட்டும் நிறுத்தி வைக்கட்டும், விசாரிக்கட்டும், தப்பு என்மேல் என்றால் கட்டுகிறேன். மீதி 34,800 ரூபாயை விடச் சொல்லுங்கள்.

6. விடச் சொல்லுங்கள் அய்யா. சனிக்கிழமைக்குள்.

கூரியர் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், முந்தைய இரண்டு மனுக்களின் நகல் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பலகாரம் செய்து விற்பவர்,
பள்ளத்தூர்