கிழிந்த டிரோலிங் பையும் ஆபத்தான வழிகாட்டித் தாளும்: ஒரு புகார் கடிதம்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். படகோடு கட்டித் தண்ணீரில் இழுத்து, அதன் வேகத்தைக் குறைக்கும் துணிப்பையான டிரோலிங் பை ஒரு சோடியை இந்த வசந்தகாலத்தில் உங்களிடம் வாங்கினேன். ஜூலையில், ஈரி ஏரியில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதில் ஒன்றின் இழுவைப் பட்டை தையலோடு பிய்ந்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்டேன். வழிகாட்டித் தாளில் சொன்னபடி பின்பக்கக் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) கட்டாமல் படகின் நடுவில் கட்டியிருக்கிறீர்கள், எனவே இது தவறான பயன்பாடு என்று பதில் வந்தது. பை கிழிந்ததைவிட இந்தப் பதில்தான் எனக்குப் பெரிய கவலை.

என்னுடையது 19 அடி அலுமினியப் படகு, 115 குதிரைத்திறன் எஞ்சின். உங்கள் பெட்டியில் 20 அடி வரை என்று போட்டிருக்கிறது. ஒன்ராறியோவில் ஏரிக்கரையிலுள்ள போர்ட் ஸ்டான்லியிலிருந்து பிக்கரல் மீன் பிடிக்கப் போவோம். மண்புழு கோத்த ஸ்பின்னரை (சுழலும் தகடு உள்ள தூண்டிலை) இழுக்கும்போது மணிக்கு 1 மைலிலிருந்து 1.5 மைலுக்குள் போனால்தான் அந்த மீன் நன்றாகக் கடிக்கும். என் படகோ கியரில் போட்டு ஐடிலில் விட்டாலே 2.5 மைல் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை கட்டினால் வேகம் இறங்கும். படகின் முன்பக்கம் காற்றுக்கு அங்குமிங்கும் அலையாது. எஞ்சினைக் கொஞ்சம் கூட்டி ஓட்டலாம் என்பதால் திருப்பினால் படகு சொன்னபடி கேட்கும். இவ்வளவு பயனுள்ள சாமான் என்பதால்தான் யோசிக்காமல் காசு கொடுத்தேன்.

அன்று காலை ஏரி அமைதியாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு மேல் தென்மேற்குக் காற்று எழும்பியது. ஈரி ஆழமில்லாத ஏரி, சராசரி ஆழமே 19 மீட்டர்தான். காற்று பிடித்தால் அலை கிட்டக்கிட்டச் செங்குத்தாக எழும்பிவிடும். அலை பின்னாலிருந்து தள்ள, இடது பையின் ஒரு பட்டை பிய்ந்து, பை முறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பிடிக்காமல் போனது. வலது பை மட்டும் இழுத்ததால் படகு சட்டென்று வலப்பக்கம் திரும்பி அலைக்குக் குறுக்கே நின்றது. தூண்டில் கயிறுகள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கின. நல்லபடியாக இருந்த பையையாவது உடனே தூக்கலாம் என்றால், அதன் வால்பக்கத்தைப் பிடித்து இழுத்துத் தண்ணீரைக் கொட்டும் மிதவைக் கயிறு உங்கள் பையில் இல்லை. தண்ணீர் நிறைந்த பையை நானும் மச்சானும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கடைசியில் கயிற்றைக் கத்தியால் அறுத்து, பிறகு சுற்றி வந்து அதை எடுத்தோம்.

கிழிந்த இடத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். பட்டை பையின் வாய் விளிம்பில் ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு மட்டும், ஒற்றைத் தையலில் நிற்கிறது. நல்ல பைகளில் அந்தப் பட்டை வாயிலிருந்து வால் வரை துணியோடு சேர்த்துத் தைத்திருக்கும். இழுவை முழுப் பையிலும் பரவ வேண்டும் அல்லவா? வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அலையில் படகு வழுக்கி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாரம் ஒற்றைத் தையலில் விழுகிறது. கிளீட்டை எங்கே வைத்துக் கட்டினாலும் அந்தத் தையல் ஒருநாள் பிய்ந்துதான் இருக்கும்.

சரி, இனி வழிகாட்டித் தாளுக்கு வருகிறேன். பின்பக்கக் கிளீட்டில் கட்டச் சொல்வது ஆபத்தான ஆலோசனை. பின்னால் கட்டினால் பை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கிடக்கும், கொஞ்சம் தளர்ந்தாலும் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதால் படகைத் திருப்புவதும் கடினம். அலை பின்னாலிருந்து வரும்போது பின்பக்கம் தூக்காமல், தண்ணீர் படகுக்குள் ஏறவும் கூடும். நடுவிலோ அதற்கும் முன்னாலோ கட்டி, பையின் வால்நுனிகூட புரொப்பெல்லரை எட்டாதபடி கயிற்றின் நீளத்தை அளந்து வைப்பதுதான் இங்கே அனுபவமுள்ளவர்கள் செய்வது. கயிற்றின் நீளம் பற்றி உங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. புதிதாகப் படகு வாங்கிய ஒருவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அந்தத் தாளை நம்பி ஏரிக்குள் போனால் என்ன ஆகும் என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

எனவே சோடி முழுவதற்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இழுத்தால்தான் படகு நேராகப் போகும், மிஞ்சிய ஒன்றை வைத்து நான் செய்ய ஒன்றுமில்லை. மாற்றுப் பை வேண்டாம், அதே தையலோடு இன்னொன்று வந்து என்ன பயன்? அறுத்த கயிற்றுக்கு நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வழிகாட்டித் தாளைத் திருத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் உடனே அறிவியுங்கள். பணத்தைவிட இதை நான் அவசரமாகக் கேட்கிறேன். அப்புறம், இனி விற்கும் பைகளோடு மிதவைக் கயிற்றையும் சேர்த்தே கொடுங்கள்.

விற்ற பொருள் அதன் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு இதைக் கொண்டுபோகும் முன், உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தரவே எழுதுகிறேன். ரசீதின் நகலும் இணைப்பில் உள்ளது. கிழிந்த பை என்னிடம்தான் இருக்கிறது, பரிசோதிக்க வேண்டுமென்றால் உங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்