'காவல் கோட்டம்' படித்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

அடுத்த மாத வாசகர் கூட்டத்தில் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவல் பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். இதற்கு முன் கேட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். இந்தச் செய்தி வேறு யார் மூலமாவது உங்கள் காதுக்கு வந்தால் ஒரு மாதிரி இருக்கும், அதனால் நானே சொல்கிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். இங்கே நாலு பேர் பார்ப்பார்கள் என்பதால் கொஞ்சம் ஒழுங்காக எழுதுவேன்.

2011 டிசம்பரில் சாகித்ய அகாதமி விருது அறிவித்த பிறகு நடந்த அந்தக் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நாவலுக்கே விருதா என்று ஒரு பேச்சு. இது நாவலே இல்லை, கெஜட்டியருக்கு, அதாவது சர்க்கார் மாவட்டக் குறிப்பேட்டுக்கு, கதை வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. பெரிய எழுத்தாளர்களே ஒருவர் தலையில் தூக்கி வைக்க, இன்னொருவர் குப்பை என்று ஒதுக்கிய நேரம். நான் கோட்டையை இடிக்கும் பகுதியைப் பேசிக்கொண்டிருந்தேன். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் விழுகிறது, அதில் குடியிருந்த காவல் தெய்வங்கள் இடம் இல்லாமல் வெளியேறுகின்றன. அதைப் படித்த பிறகு வெளி வீதியில் நடக்கும்போதெல்லாம் இங்கேதானே சுவர் நின்றது என்று கால் தயங்குகிறது என்றேன். வாக்கியத்தை முடிக்கவில்லை, நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

"ஒன் ஆளுக கதைல்ல, ஒனக்குப் பிடிக்காமப் போகுமா?"

நாவல் எங்கள் கள்ளர் சமூகத்தைப் பற்றியது, அதைத்தான் குத்திக்காட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் கேலியாகத்தான் சொன்னீர்கள், மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அதற்கப்புறம் நான் அந்த நாவலைப் பற்றி எது சொன்னாலும் அது வாசகனின் பேச்சாக இல்லை, சாதிக்காரனின் பேச்சு. ஒரே வரியில் அப்படி ஆக்கிவிட்டீர்கள். அன்று நீங்கள் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

நான் திருப்பிக் கொடுத்ததும் நினைவிருக்கும். உங்கள் பிரதியை இரவல் வாங்கித்தான் நான் படித்தேன். முந்நூறு பக்கம் தாண்டியதும் உள்ளே ஒரு பஸ் டிக்கெட். அதற்கு முன்னால் பென்சில் கோடுகள், ஓரத்தில் குறிப்புகள், விஜயநகரப் பகுதி பூராவும் கேள்விக்குறிகள். டிக்கெட்டுக்குப் பிறகு தாள்கள் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. அதைச் சபையில் சொல்லியிருக்க வேண்டாம். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தபோதே மனசு கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், பாதி கூடப் படிக்காத புத்தகத்தை அரை மணி நேரம் கிழித்தது நீங்கள்தானே?

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாவலை எங்கள் ஊருக்கு எடுத்துப்போனேன். சித்தப்பா பத்திருபது பக்கம் புரட்டிவிட்டுக் கட்டிலில் போட்டார். "நம்மளக் களவாணின்னு ஆயிரம் பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கான், அதுக்கு அவார்டு வேற." கன்னம் வைக்கும் நுணுக்கத்தை நான் வியந்து படித்துக் காட்டக் காட்ட அவருக்குக் கோபம்தான் ஏறியது. திருமலை நாயக்கர் அரண்மனையிலேயே களவு நடக்கிறது, அந்தத் திறமைக்குத்தான் ராஜாவே ஊர்க்காவலைக் கொடுக்கிறார் என்று கதை சொல்லிப் பார்த்தேன். "களவாண்டதத்தான சொல்ற" என்றார். என் ஆளுக்கே பிடிக்கவில்லை அண்ணே. உங்கள் கணக்குப்படி இவரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

அவர் கோபமும் எனக்குப் புரிகிறது. எங்கள் தாத்தா ரேகைச் சட்டத்தில், அதாவது வெள்ளைக்காரன் சில சாதிகளையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய சட்டத்தில், பெயர் பதிந்தவர். ராத்திரியானால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும், ஊரை விட்டு நகர்ந்தால் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்து நின்றதற்குத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் எங்கள் ஆட்களைப் போலீஸ்காரர்கள் சுட்டார்கள். மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் போனது. அந்த வீட்டில் பிறந்தவரிடம் போய்க் களவின் அழகியல் பேசினால் என்ன ஆகும்?

எனக்கு அந்த நாவல் பிடித்ததற்குக் காரணம், ஊர்க்காவல் எப்படி ஒரு ஏற்பாடாக நடந்தது, வெள்ளைக்காரன் போலீஸ் வந்ததும் அதே காவல்காரன் எப்படிக் குற்றவாளி ஆனான் என்பதை ஆயிரம் பக்கத்தில் மெதுவாகக் காட்டுவது. அதை முந்நூறு பக்கத்தில் சொல்ல முடியாது. ஒரு நாயகன் இல்லையே என்றீர்கள். நாவலில் வரும் கள்ளர் ஊரான தாதனூர்தான் ஆள். தாது வருஷப் பஞ்சம், அந்த 1876ஆம் வருஷத்துப் பெரும் பஞ்சம், வரும் இடத்தில் நான் இரண்டு நாள் புத்தகத்தை மூடி வைத்தேன், அடுத்த பக்கத்துக்குப் போகத் தெம்பில்லை. நீங்கள் அதுவரைக்கும் வரவே இல்லை.

ஆனால் முன்பகுதி பற்றி நீங்கள் சொன்னது சரிதான். விஜயநகரம், நாயக்கர்கள், பாளையங்கள் என்று படையெடுப்பும் பட்டமேற்பும் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. பல பேர் பெயராக மட்டும் வந்து பெயராகவே போகிறார்கள். ஆவணம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்று உங்கள் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதைவிட நறுக்கென்று என்னால் சொல்ல முடியாது. கூட்டத்தில் அந்த வரியை உங்கள் பெயரோடு சொல்லலாம் என்றிருக்கிறேன். எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், ஓரத்தில் பென்சிலால் எழுதுவதுகூட உங்களைப் பார்த்து வந்த பழக்கம். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை அனுப்புங்கள், பெயரை விட்டுவிடுகிறேன்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வந்தால் மிச்சத்தையும் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கிழியுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். என் ஆளுக பேச்சு மட்டும் இந்த முறை வேண்டாம் அண்ணே.

அன்புடன்,
தம்பி