சித்தப்பாவுக்கு, அச்சகம் திறக்க முன்

சித்தப்பா,

வருகிற வெள்ளிக்கிழமை திறக்கிறேன். பெயர்ப்பலகையில் எங்கள் பழைய அச்சகத்தின் பெயர் இல்லை. தம்பி இதற்குள் சொல்லியிருப்பான். "பேரையும் தூக்கிப் போட்டிட்டாளா?" என்று நீங்கள் கேட்டதும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது, எனக்கு மட்டுமில்லை, பேஸ்புக்கில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும். அதனால்தான் பதிலையும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்தால் தேத்தண்ணி போடச் சொல்லிக் கதையை மாற்றிவிடுவீர்கள்.

பங்கு பிரித்த கதை வேண்டாம். அப்பாவின் கதையும் வேண்டாம்.

மெசின் யாழ்ப்பாணத்தில் மூடிக்கிடந்த ஓர் அச்சகத்திலிருந்து வந்தது. காலால் மிதித்து ஓட்டுகிற ட்ரெடில், எங்களிடம் இருந்ததைவிடச் சின்னது. திருகோணமலை டொக்யார்ட் வீதிப் பக்கம் கீழ்த்தட்டில் ஓர் அறை எடுத்தேன், அந்த இரும்பை மேல்மாடியில் ஏற்ற யாரும் சம்மதிக்கவில்லை. வச்சிரமும் பாகும் காய்ச்சி வார்த்த ரோலர் கச்சான் காற்றுக் காலத்தில் இளகிப் பிசுபிசுக்கும் என்று சொல்வீர்களே, அந்தத் தொல்லை இப்போது இல்லை, றப்பர் ரோலர். உப்புக்காற்று மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பின்னேரம் எண்ணெய் போடாமல் பூட்டினால் காலையில் துரு.

ஈய எழுத்து இரண்டு அளவில்தான் கிடைத்தது, 12 பொயின்ற்றும் 18 பொயின்ற்றும். ஆங்கிலக்காரருக்கு 26 எழுத்தின் பெரியதும் சின்னதுமாக 52 வார்ப்போடு காரியம் முடிகிறது. எங்களுக்குக் கு, கூ வரிசைகளுக்கே 36 தனி வார்ப்பு வேண்டும். வந்த கேஸில், அதுதான் எழுத்துப் போடுகிற பெட்டித் தட்டில், பாதிப் பெட்டி காலி. கலியாணக் கார்டுக்குப் பொலிமர் பிளேட் போடப்போகிறேன்: கொம்பியூட்டரில் எழுதி, பிலிம் எடுத்து, புற ஊதா ஒளி காட்டித் தண்ணீரில் கழுவினால் எழுத்து மட்டும் மேடாக நிற்கும். அதை அடிக்கட்டையில் ஒட்டி 0.918 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் ஈய எழுத்தின் அதே உயரம், அதே மெசினில் ஓடும். "அப்ப அது அச்சுக்கோர்ப்போ?" என்று கேட்பீர்கள். இல்லைத்தான். வாடகை கட்டுவது அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். அடித்த தாளைத் திருப்பி முதுகில் விரலை ஓட்டிப் பார்ப்பீர்கள். எழுத்துத் தடம் கொஞ்சம் கைக்குப் பட்டாலும் எழுத்துக் கோர்க்கிற கம்போசிட்டருக்கும் மெசின்காரருக்கும் ஏச்சு விழும், "தாளைக் குத்திறியளோ, அச்சடிக்கிறியளோ?" இப்போது வருகிறவர்கள் அந்தக் குத்தைத்தான் கேட்கிறார்கள். தடித்த பருத்தித் தாள், எழுத்து பள்ளமாக இறங்கியிருக்க வேண்டும், தடவினால் தெரியவேண்டும். நீங்கள் குப்பையில் போட்ட தாளைத்தான் நான் காசுக்கு விற்கப்போகிறேன்.

காலிப் பெட்டிகளை நிரப்பும்போது பழைய 'லை' ஒன்று கைக்கு வந்தது. ஐகாரக் கொம்பு முன்னால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டித் தும்பிக்கை தூக்கின லை. தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தும் எங்கள் கேஸுக்குள் அது நுழையவில்லை, நினைவிருக்கிறதா?

அந்த லையால் வந்த இரவும் நினைவிருக்கும். சண்டைக் காலம், ஊரடங்கு. கதவிடுக்கில் சாக்கு. குப்பி விளக்குக்குக் கீழே ஒரு நோட்டீஸ். அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை, சட்டப்படி இருந்திருக்க வேண்டும். அதை யார் கொண்டுவந்தார்கள், எங்கே அடித்தார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். இதை வாசிக்கிறவர்களில் அவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நீங்கள் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்து, "லையைப் பார் பிள்ளை" என்றீர்கள். ஒரு லைக்குத் தும்பிக்கை நுனி உடைந்திருந்தது. உடைந்த எழுத்து எந்தக் கேஸில் கிடக்கிறதோ அந்த அச்சகம்தான் அடித்தது. அது யார் கண்ணுக்கும் தெரியும் என்றீர்கள்.

என் விரல் சின்னது, கண் நல்லது. லைப் பெட்டி முழுவதையும் கொட்டி ஒவ்வொன்றாகப் பெருவிரலால் எழுத்தின் உடம்பில் வெட்டியிருக்கிற காடியைத் தடவித் திருப்பிப் பார்த்தேன். அதில் இல்லை. ளைப் பெட்டிக்குள் கிடந்தது, அச்சடித்த பிறகு எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டவர் கைமாறிப் போட்டிருக்கிறார். நீங்கள் அதை அரத்தில் தேய்த்தீர்கள், முகம் மழுங்கி வெறும் ஈயக்கட்டையாகும் வரை. பிறகு என் கையைப் பிடித்துச் சவுக்காரம் போட்டு விரல் விரலாகக் கழுவினீர்கள். ஈயக் கையோடு சாப்பிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே. உங்கள் கை நடுங்கியது.

காலையில் வந்தார்கள். கேஸை இழுத்துப் பார்த்தார்கள். போனார்கள். அதற்குமேல் வேண்டாம்.

ஓர் எழுத்துக்கு அப்படி இருந்த மனுசன், எப்படிச் சித்தப்பா முழுக் கேஸையும் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்தீர்கள்? அதுவும் சண்டை முடிந்து, யாரும் வந்து கேஸை இழுக்காத காலத்தில்? மீன் வலைக்கு ஈயம் என்றீர்கள். எழுத்து ஈயம் அன்டிமனி கலந்தது, கயிற்றில் வைத்து நெரித்தால் வெடித்துப் பிளக்கும், வலைக்கு மெல்லிய ஈயம்தான் நல்லது. திருக்கடலூர் வலைகாரருக்கும் சரிவராத சாமானைத்தான் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

ஈய எழுத்தில்லாத ஓப்செற் அச்சு வந்து வேலை இல்லாமல் போனது உண்மை. காசு எதற்குத் தேவைப்பட்டது என்பதும் தெரியும், நியாயமான தேவை. அதை இங்கே எழுதினால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு நோகும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் விற்றிருப்பேனோ என்னவோ. ஆனால் என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஒரு பெட்டியாவது வைத்திருக்கலாம். அந்தக் கேஸில் எது எங்கே கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம், அதில் ஒருத்தி நான்.

பெயர் விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பெயர் ஒரு தாளில் வராமல் இருக்க நீங்கள் ஓர் இரவு முழுக்க விழித்திருந்தீர்கள். நான் அடிக்கிற ஒவ்வொரு கார்டின் அடியிலும் அதைப் போட்டு, யாராவது எதற்காவது உங்கள் படலையைத் தட்ட விடமாட்டேன். இதை உங்கள் மேலுள்ள அன்பு என்று எடுத்துக்கொண்டாலும் சரி. நிறுத்து விற்ற பிறகு மிச்சமிருந்த பெயரை நான் எதற்குச் சுமக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. இரண்டும் இருக்கிறது, எது கூட என்று எனக்கே நாளுக்கு நாள் மாறுகிறது.

அப்பா எழுத்துக் கோர்த்த ஸ்டிக் உங்களிடம் இருக்கிறது. லாச்சிக்குள், கரண்ட் பில்லுகளுக்குக் கீழே. இல்லையென்று சொல்லவேண்டாம், போன வருசம் சின்னம்மா லாச்சி திறந்தபோது பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவான், அவனிடம் கொடுத்துவிடுங்கள். அவனிடம் கொடுக்க மனமில்லையென்றால் நீங்களே கொண்டுவாருங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வரவேண்டாம், பூட்டு.

உங்கள் பெறாமகள்